கள்ளி என்று நாம் சொல்வதே இரண்டு வேறு குடும்பம்: எந்த உயிர் எங்கே வாழும் என்பதை எதுதான் தீர்மானிக்கிறது?

வேலியோரம்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது, இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

சப்பாத்திக்கள்ளியையும் கள்ளி என்கிறோம், சதுரக்கள்ளியையும் கள்ளி என்கிறோம். இரண்டுக்கும் சதைப்பிடிப்பான பச்சைத் தண்டு, உடம்பெல்லாம் முள், இலை என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் சதுரக்கள்ளியைக் கீறினால் வெள்ளைவெளேரென்று பால் வடியும், சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் வழவழவென்று தண்ணீர்தான் வரும். கிட்டப்போய்ப் பார்த்தால் முள்ளும் வேறு. ஒன்றில் இரண்டிரண்டாக ஜோடி ஜோடியாக நிற்கிறது, இன்னொன்றில் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு சின்ன மேடு, அதிலிருந்து கொத்தாகக் கிளம்புகிறது. அப்புறம் தேடிப் படித்தால், சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பமாம். சப்பாத்திக்கள்ளியின் குடும்பமோ முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக இருந்ததாம், மற்ற இடங்களுக்கெல்லாம் மனிதர்கள் கொண்டுபோனதுதானாம்.

என் கேள்வி இதுதான். ஆப்பிரிக்காவிலும் வறட்சி, அமெரிக்காவிலும் வறட்சி. தட்பவெப்பம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இரண்டு இடத்திலும் ஒரே செடி அல்லவா இருக்கவேண்டும்? இல்லை, தட்பவெப்பத்துக்கு வேலையே இல்லை என்றால், நிலநடுக்கோட்டுப் பக்கம் போகப் போக உயிரின வகைகள் குவிந்து கிடப்பதும் துருவத்துப் பக்கம் குறைந்துகொண்டே போவதும் எதனால்? நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "வெயிலும் மழையும் இருந்தால் எல்லாம் வளரும், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆற்றுமணல்

உங்கள் நண்பர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அது பாதி பதில்கூட இல்லை. நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "இந்த உயிர் ஏன் இங்கே" என்பது ஒன்று, "இங்கே ஏன் இத்தனை வகை" என்பது வேறொன்று. முதலாவதை மட்டும் சொல்கிறேன், இரண்டாவதுக்கு என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

ஒரு செடி ஓரிடத்தில் இருக்கிறது என்றால் அது முதலில் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்தபின் அந்த வெயிலையும் குளிரையும் தாங்கவேண்டும். தாங்கினாலும் அக்கம்பக்கத்தில் இருப்பவை அதை வாழவிட வேண்டும். இந்த மூன்றையும் காட்ட உங்கள் சப்பாத்திக்கள்ளியே போதும். 19ஆம் நூற்றாண்டில் அதை வேலிக்காகவும் தோட்டத்துக்காகவும் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். மனிதர்கள் கொண்டுபோகும்வரை அந்தக் கண்டத்தில் ஒரு செடிகூடக் கிடையாது. கொண்டுபோய் விட்டதும் அது பரவிய பரவலில் 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தைப் பிடித்துக்கொண்டது, ஜனங்கள் பண்ணைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள். அப்படியென்றால் அத்தனை காலமும் அந்த வெயிலும் மண்ணும் அதற்குப் பொருந்தித்தான் இருந்திருக்கிறது, நடுவில் கிடந்த கடல்தான் விடவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு சின்ன அந்துப்பூச்சியை வரவழைத்து அடுத்த வருஷம் காட்டில் விட்டார்கள். கேக்டோபிளாஸ்டிஸ் என்று பேர். அது முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குச்சி மாதிரி கள்ளியில் ஒட்டிவைக்கும், பார்த்தால் இன்னொரு முள் என்றே நினைப்போம். பொரிந்த புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து மடலைத் துளைத்து உள்ளே போய்த் தின்னத் தொடங்கினால் மடல் அழுகி, வெளியே தோல் மட்டும் மிஞ்சித் தொங்கும். பத்து வருஷம்கூட ஆகவில்லை, கள்ளிக் காட்டில் பெரும்பகுதி சரிந்துவிட்டது. மழை மாறவில்லை, வெயில் மாறவில்லை. ஒரு பூச்சி வந்தது, அவ்வளவுதான்.

கடல் தடுப்பதற்கு இன்னொரு உதாரணம் பாலித் தீவும் லோம்போக் தீவும். நடுவில் இருக்கும் நீரிணை குறுகலான இடத்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். 1856இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் பாலியிலிருந்து லோம்போக்குக்குப் போனார். இந்தப் பக்கம் குக்குறுவான்கள். அந்தப் பக்கம் போனால் அவற்றைக் காணவில்லை, ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூ கிளிகள் பறக்கின்றன. இரண்டு தீவிலும் தட்பவெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது பாலி ஆசியாவோடு தரைவழியாக ஒட்டிக்கொண்டது. லோம்போக் நீரிணை அதைவிட எவ்வளவோ ஆழம், அது வற்றவே இல்லை. அன்றைக்கு நடந்துபோக வழி இருந்ததா இல்லையா என்பது இன்றைக்கும் பறவைகளிலும் விலங்குகளிலும் அப்படியே தெரிகிறது. எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும்.

அலையடி

ஆற்றுமணல் சொன்ன மூன்றில் கடைசி இரண்டையும் ஒரே பாறையில் கண்ணால் பார்க்கலாம். கடலோரப் பாறையில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன எரிமலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, ஓட்டுக்குள் வாழும் கொட்டலசு, அதைச் சொல்கிறேன். அலை வடிந்த நேரத்தில் ஒரு பாறை முன் குந்தி உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே காய்ந்த பகுதியில் ஒரு வகை, கீழே ஈரப் பகுதியில் இன்னொரு வகை, நடுவில் கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை இருக்கும். முதல்முறை பார்த்தபோது மேலே இருப்பதற்குக் காய்ந்த இடம்தான் பிடிக்கும் போல, அதனால்தான் மேலேயே இருக்கிறது என்று நினைத்தேன். அது சுத்தத் தப்பு.

ஜோசப் கானெல் என்பவர் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இதைச் சோதித்துப் பார்த்து 1961இல் எழுதினார். மேலே வாழும் சின்ன வகையின் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டத்தான் செய்கின்றன. ஆனால் கீழே உள்ள பெரிய வகை வேகமாக வளர்ந்து, சின்னதின் அடியில் தன் ஓட்டின் விளிம்பை நுழைத்து நெம்பிப் பெயர்த்துவிடும், இல்லையென்றால் மேலே ஏறி மூடிவிடும், பக்கவாட்டில் நசுக்கியும் விடும். அவர் பெரியதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தார், சின்னது கீழேயும் நன்றாகவே பிழைத்தது. பெரியது மேலே ஏறமுடியாததற்குக் காரணம் உலர்ந்து செத்துப்போவது. ஆக மேல் எல்லையை உலர்ந்துபோவது போடுகிறது, கீழ் எல்லையைப் பக்கத்து வீட்டுக்காரன் போடுகிறான். எல்லா உயிருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் "இங்கே இல்லை, அதனால் இங்கே வாழமுடியாது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பாறைதான் ஞாபகம் வரும்.

வகைகளின் எண்ணிக்கைக்கும் பாறையே பதில் சொல்லும். ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு துண்டுப் பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் விடாமல் பிடுங்கிக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். அவை மட்டியைத் தின்பவை. தின்பவர் போனதும் மட்டி பெருகி இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டது. 15 வகை இருந்த இடத்தில் 8தான் மிஞ்சியது, 1966இல் அவர் எழுதிய கணக்கு இது. கொல்லுகிற ஒன்றை எடுத்தால் மற்றவை செழிக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக நடந்தது.

வேலியோரம்

அலையடி, அந்தக் கொட்டலசு விஷயத்தை மூன்று தடவை படித்தேன். அருமை. சரி, இந்த உயிர் ஏன் இங்கே என்பது புரிகிறது. இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறதே? வெப்பமண்டலக் காட்டில் ஏன் அத்தனை வகை? அங்கேயும் பலசாலி மரம் ஒன்று மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டு நின்றிருக்கலாமே?

நாற்றங்கால்

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து மரம் மரமாக எண்ணிக்கொண்டு வருகிறார்கள், ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருந்தாலே கணக்கில் உண்டு. அந்த 50 ஹெக்டேரில் மட்டும் ஏறக்குறைய 300 மரவகைகள். ஈக்வடாரில் யாசுனியில் 25 ஹெக்டேரில் 1,100க்கும் மேல். பிரிட்டன் முழுக்க எடுத்தாலும் இயற்கையாக வளரும் மரவகைகள் சில டஜன்தான். வித்தியாசம் அப்படி.

பலசாலி ஏன் ஜெயிக்கவில்லை என்பதற்கு டேனியல் ஜான்சென் 1970இலும், மேலே அலையடி சொன்ன அதே கானெல் 1971இலும் தனித்தனியாக ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். தாய்மரத்தைச் சுற்றி அந்த மரத்தையே தின்று பழகிய பூச்சியும் பூஞ்சையும் குவிந்திருக்கும். அதனால் தாயின் காலடியில் விழுந்த விதைக்குத்தான் ஆபத்து அதிகம், தள்ளிப்போய் விழுந்ததற்குப் பிழைக்க வழி உண்டு. தாயின் அடியில் காலியாகும் இடத்தில் வேறு வகைக் கன்று வந்து நிற்கும். எண்ணிக்கையில் அதிகமாகும் வகைக்கு எதிரியும் அதிகமாவதால் எந்த ஒன்றும் முழுக் காட்டையும் பிடிக்க முடிவதில்லை.

இதை நான் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்கிறேன். ஒரு பெரிய மரத்தடியில் மழைக்குப் பிறகு பாய் விரித்தாற்போல் கன்றுகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு எண் போட்டுவைத்தேன். நாலாம் நாள் பார்த்தால் சிலவற்றின் அடித்தண்டில், மண்ணைத் தொடும் இடத்தில், பழுப்பாக ஒரு வளையம். அந்த இடம் நூல் மாதிரி மெலிந்து, மேலே இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே கன்று அப்படியே மடிந்து சாய்கிறது. நாற்றங்காலில் வேலை செய்பவர்கள் நாற்றழுகல் என்பார்களே, அதேதான். இரண்டு வாரத்தில் அந்தப் பாய் ஓட்டை ஓட்டையாகிவிட்டது. கொஞ்சம் தள்ளி, வேறு மரத்தின் நிழலில் தனியாக முளைத்திருந்த ஒன்பதில் ஏழு நின்றன. ஒரே ஒரு மரத்தடியில் பார்த்ததை வைத்து உலகத்துக்கே சட்டம் போடமாட்டேன், ஆனால் அந்த வளையத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்தக் கருத்து வெறும் ஏட்டுச் சுரைக்காயாகத் தெரியாது.

குளிர் இல்லாத இடத்தில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வருஷம் முழுக்க வேலை. அதனால்தான் வெப்பமண்டலத்தில் இது பலமாக நடக்கிறது, வகைகளும் அதிகம் என்பது என் கட்சி.

பழம்பாறை

நாற்றங்கால் அருமையாகச் சொன்னார், ஆனால் நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று இருக்கிறது. பூஞ்சையும் பூச்சியும் இருக்கிற 300 வகையைச் சேர்ந்து வாழவைக்கலாம். அந்த 300 எங்கிருந்து வந்தது? சேர்ந்து வாழ்வது வேறு, பிறப்பது வேறு, அழியாமல் தப்பிப்பது வேறு. கடைசி இரண்டும் வரலாறு. அதை விட்டுவிட்டு இன்றைய வெயிலையும் இன்றைய எதிரியையும் மட்டும் பார்ப்பது, பழைய வீட்டின் அறைகளைப் பார்த்துவிட்டு இன்றைக்கு அதில் குடியிருப்பவருக்காகவே கட்டியது என்று சொல்வது மாதிரி.

ஐரோப்பாவை எடுங்கள். பனியுகங்களுக்கு முன் அங்கே மக்னோலியா இருந்தது, துலிப் மரம் இருந்தது, ஹிக்கரி இருந்தது, புதைபடிவங்கள் சாட்சி. இன்று அவற்றில் ஒன்றுகூட அங்கே காட்டுமரமாக இல்லை. வட அமெரிக்காவின் கிழக்கில் மூன்றும் இருக்கின்றன, கிழக்கு ஆசியாவிலும் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் குளிர் ஒன்றாகத்தான் வந்தது. ஆனால் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை கிழக்கு மேற்காகக் குறுக்கே படுத்திருக்கிறது, அதைத் தாண்டினால் மத்தியதரைக் கடல். குளிர் தெற்கே நெருக்கியபோது மரங்களுக்கு ஒதுங்க இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை வடக்கு தெற்காக நீண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக விதை தெற்கே இறங்கி, குளிர் விட்டதும் மறுபடி ஏறி வந்தது. மலை எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி இன்னொரு முள். நிலநடுக்கோட்டிலிருந்து 34 பாகை தள்ளி இருக்கிறது, மழைக்காடு கிடையாது, மண் சத்தில்லாத மண், அடிக்கடி தீ பிடிக்கும் புதர்க்காடு. ஆனால் சுமார் 90,000 சதுர கிலோமீட்டரில் 9,000 செடிவகைகள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. எரிக்கா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 600க்கு மேல். வெயிலும் மழையும்தான் காரணம் என்றால் இது நடக்கவே கூடாது. பெரிய பனிப்பாறைகள் அங்கே வந்து துடைத்துவிடவில்லை, தட்பவெப்பம் நீண்ட காலம் பெரிதாகக் கலையாமல் இருந்தது, பிறந்த வகைகள் அழியாமல் சேர்ந்துகொண்டே போயின. நான் நம்புவது இதைத்தான்.

இன்னொன்று. இன்றைக்கு இல்லாததால் என்றைக்கும் இல்லை என்று நினைக்காதீர்கள். தேன் குடிக்கும் ரீங்காரச்சிட்டு இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அந்த வேலையைத் தேன்சிட்டுகள் பார்க்கின்றன, உங்கள் இரண்டு கள்ளி மாதிரியே. ஆனால் 2004இல் ஜெர்மனியில் கிடைத்த புதைபடிவங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, 3 கோடி ஆண்டுக்கு மேல் பழையவை, பார்த்தால் ரீங்காரச்சிட்டு! ஒட்டகக் குடும்பமோ பிறந்ததே வட அமெரிக்காவில். அங்கே அழிந்துபோய், ஆசியாவுக்குப் போன கிளை ஒட்டகமாகவும் தென் அமெரிக்காவுக்குப் போன கிளை லாமாவாகவும் மிஞ்சியது.

நாற்றங்கால்

பிறப்புக்கு என் விளக்கம் பதில் சொல்லாது, சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழியாமல் தப்பிப்பதில் எதிரிகளுக்குப் பங்கு உண்டு. அரிதான வகைக்கு எதிரி குறைவு, அதனால் அரிதானது அடியோடு போய்விடாமல் நிற்கிறது. அதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மீன்கொத்தி

பிறப்பு பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் போகமுடியவில்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுக்கு முன் காய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அதில் சிக்லிட் மீன் மட்டும் ஏறக்குறைய 500 வகை இருந்ததாகக் கணக்கு. இத்தனை சீக்கிரம் எப்படி என்பதற்கு ஒரு காரணம் வெளிச்சம். ஒரு வகையில் ஆண் நீலம், கரையோர ஆழமில்லாத நீரில் இருக்கும். நெருங்கிய சொந்தமான இன்னொன்றில் ஆண் சிவப்பு, கொஞ்சம் கீழே, சிவப்பு வெளிச்சம் அதிகமாகப் போய்ச்சேரும் இடத்தில் இருக்கும். பெண் மீன் நிறத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்கிறது, அதனால் இரண்டும் கலப்பதில்லை.

1950களில் அந்த ஏரியில் நைல் கெளுத்தி... மன்னிக்கவும், கெளுத்தி இல்லை, நைல் பெர்ச் என்ற பெரிய கொன்றுதின்னி மீனை விட்டார்கள். ஏராளமான சிக்லிட் வகைகள் காணாமல் போனதற்கு அது பெரிய காரணம். ஆனால் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. சுற்றிலும் காடு அழிந்து, கழிவும் உரமும் ஏரிக்குள் வந்து, தண்ணீர் கலங்கிவிட்டது. கலங்கிய நீரில் பெண் மீனுக்கு நீலமும் சிவப்பும் பிரித்துத் தெரிவதில்லை. இரண்டும் கலந்து, நிறம் மங்கிய ஒரே மீனாகிவிடுகிறது. யாரும் யாரையும் தின்னவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஆனால் இரண்டு வகை இருந்த இடத்தில் ஒன்றுதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆற்றுமணல்

மீன்கொத்தி, இது எனக்குப் புதுசு. நன்றி.

எண்ணிக்கை பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். மெக்கார்தர், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967இல் தீவுகளைப் பற்றிச் சொன்னது: தீவு பெரிதாக இருந்தால் அழிவது குறைவு, கரைக்குப் பக்கத்தில் இருந்தால் வந்துசேர்வது அதிகம், இரண்டும் சமமாகும் எண்ணிக்கையில் தீவு நிற்கும். இதைச் சோதிக்க சிம்பர்லாஃபும் வில்சனும் ஃபுளோரிடா ஓரத்தில் குட்டிக் குட்டி அலையாத்தித் திட்டுகளைக் கூடாரம் போட்டு மூடி, மருந்துப்புகை விட்டு, பூச்சி சிலந்தி எல்லாவற்றையும் கொன்றுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலான திட்டுகளில் எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்துவிட்டது, ரொம்பத் தள்ளி இருந்தது மட்டும் பின்தங்கியது. வேலியோரம், நீங்கள் கவனிக்க வேண்டியது என்னவென்றால், எண்ணிக்கை திரும்பியதே தவிர வந்து குடியேறிய வகைகளில் பல பழையவை இல்லை. "எத்தனை" என்பதை ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்லலாம், "எது" என்பதற்கு யார் முதலில் காற்றில் வந்து விழுந்தார்கள் என்று பார்க்கவேண்டும். முதல் பதிவில் இரண்டு கேள்விகளையும் பிரிக்கச் சொன்னது இதனால்தான்.

வேலியோரம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன். என் கேள்வியில் ஒரு பிழை இருப்பதையும் கண்டுபிடித்தேன். கள்ளிக் குடும்பம் முழுக்க அமெரிக்காவில் மட்டும் என்று எழுதினேன் அல்லவா, ஒரே ஒரு வகை விதிவிலக்காம். ரிப்சாலிஸ். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் காட்டில் தானாக வளர்கிறது. அது எப்படி?

பழம்பாறை

இதை யாராவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். ரிப்சாலிஸைப் பார்த்தால் கள்ளி என்றே சொல்லமாட்டீர்கள். பாலைவனத்திலும் இல்லை, மழைக்காட்டில் மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, முள் இல்லாமல், பச்சை நூல்கண்டைப் பிரித்துத் தொங்கவிட்டது மாதிரி இருக்கும். பழம் சின்னதாக, வெள்ளையாக, ஒளி ஊடுருவும் முத்து மாதிரி. நசுக்கினால் விதை பசையோடு விரலில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. அந்தப் பசைதான் துப்பு. பறவை தின்றோ, காலிலோ அலகிலோ ஒட்டியோ அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல்காரர்கள் கொண்டுபோயிருக்கலாம் என்பவர்களும் உண்டு. நான் பறவைக் கட்சி. ஏனென்றால் முள்ளுள்ள பாலைவனக் கள்ளி ஒன்றுகூடத் தாண்டவில்லை, மரத்தில் தொங்கும் இந்தப் பசைவிதைக்காரிதான் தாண்டியிருக்கிறாள்.